சைவ வீட்டில் ஒரு வல்லூறு

ஜன்னல் வேண்டாம். கம்பி வலை வேண்டாம். தண்ணீர்க் கிண்ணமும் தீனித் தட்டும் வேண்டவே வேண்டாம். பறவை இறக்கையை விரிக்க முடியாத அளவுக்குப் பெட்டி ஒடுக்கமாக இருக்க வேண்டும். கதவைச் சாத்தினால் உள்ளே கும்மிருட்டாக வேண்டும். இதையெல்லாம் அந்த வெள்ளைக்காரர் எங்கள் பட்டறை வாசலில் நின்றுகொண்டு, காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும் என்று சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இதுக்குப் பேரு பெட்டியா? பேசாம குழி தோண்டிப் புதைச்சிடலாமே," என்று என் கணவரிடம் தமிழில் சொன்னேன்.

"முதல்ல அவரு சொன்னத முழுசாச் சொல்லு டீச்சர். அப்புறம் நிதானமா திட்டலாம்," என்றார் அவர்.

வீட்டில் அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்பதால் பட்டறைக்கு வருகிற வெள்ளைக்காரர்களிடம் பேசுவது என் வேலை. ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால், ஃபேரர் பார்க் திடலில் பந்து விளையாடுகிற சத்தம் கேட்கிற தூரத்தில், ஒரு சந்தில் எங்கள் வீடு. வீட்டின் பின்கட்டில் தகரக் கூரை போட்ட பட்டறை. ஊர் திரும்புகிற வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குச் சாமான் கட்டிக்கொண்டு போகப் பலகைப் பெட்டி அடிப்பதுதான் என் கணவரின் தொழில். பீங்கான் தட்டு, தையல் மெஷின், பியானோ என்று எல்லாவற்றுக்கும் பெட்டி அடித்திருக்கிறார். உயிருள்ள ஒன்றுக்கு அடித்ததில்லை.

வந்தவர் விமானப் படையில் இயந்திரம் பழுது பார்க்கிறவர். இடது கையில் முழங்கை வரைக்கும் தோல் கையுறை. அதன் மேல், வேட்டைக்குப் பழக்கிய அவருடைய வல்லூறு உட்கார்ந்திருந்தது. முதலில் பார்த்தபோது அதற்குத் தலையில் ஏதோ அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கண்ணை முழுக்க மூடுகிற சின்னத் தோல் குல்லாய். எதிர்வீட்டு அம்மா வாசல் தெளிக்க வந்தவர், வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கருடனோட கண்ணக் கட்டி வச்சிருக்கானே, இவனுக்கு நல்ல சாவு வருமா," என்று என்னிடம் கேட்டார். அது கருடன் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. அந்தக் கண் கட்டைப் பார்த்ததில் என் மனசும் அவர் பக்கம்தான் இருந்தது.

வெள்ளைக்காரரைப் பிடித்து உலுக்கினேன் என்றே சொல்லலாம். காற்று எப்படிப் போகும், தாகம் எடுத்தால் என்ன செய்யும், இருட்டில் பயந்து செத்துவிடாதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மனிதர் கோபப்படவே இல்லை. காற்றுத் துளைகள் அடியில், பறவையின் கால் மட்டத்துக்கும் கீழே இருக்க வேண்டும் என்றார். வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் அது பயப்படும். வெளியே போக வழி இருக்கிறது என்று நினைத்து அங்கேயே மோதிக்கொண்டிருக்கும். ஓர் இறகு முறிந்தால் அடுத்த இறகு முளைக்கிற வரைக்கும் சரியாகப் பறக்க முடியாது. இருட்டாக இருந்தால் இரவு என்று நினைத்துச் சும்மா உட்கார்ந்திருக்கும். தண்ணீர் அதற்குப் பெரிதாகத் தேவையில்லை, இறைச்சியில் இருக்கிற ஈரமே போதும். பயணத்தின்போது வயிறு காலியாக இருப்பதுதான் நல்லது. இவ்வளவும் சொல்லிவிட்டு, இது தினமும் பச்சை இறைச்சி தின்கிற பறவை என்றார்.

கடைசியாகச் சொன்னதை என் கணவருக்கு மொழிபெயர்த்தபோது அவர் முகம் மாறியது. "இங்க வச்சு ஊட்டாம இருந்தா சரிலா," என்றார்.

அதற்குக் காரணம் உண்டு. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா தேவாரம் பாடாமல் சாப்பிட உட்காராத மனிதர். என் கணவர் வீட்டில் மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. நாங்கள் விரும்பித்தான் கல்யாணம் செய்துகொண்டோம். அப்பா கடைசியில் சம்மதித்தபோது இரண்டு விஷயத்துக்கு மாப்பிள்ளையிடம் வாக்குக் கேட்டார். புலால் உங்கள் வாயில் படக் கூடாது, என் மகள் குடியிருக்கிற வீட்டுக்குள் வரக் கூடாது. இவர் கையடித்துக் கொடுத்தார். அந்த வெள்ளைக்காரர் பட்டறைக்கு வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவும் காலமாகிவிட்டார். இவரோ முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை என்றால் பெருமை, அப்படியொரு பெருமை. பள்ளியில் மற்ற ஆசிரியைகளிடம் சொல்லிக்கொள்வேன்.

பெட்டி வேலை நடந்தது. பறவையைக் குச்சியில் உட்கார வைத்து, மடக்கு அளவுகோலை எட்ட நின்றே நீட்டி, தோளகலமும் வாலின் நீளமும் எடுத்தார் என் கணவர். பறவை குல்லாய்க்குள்ளிருந்து தலையை அவர் பக்கம் திருப்பியதும் ஓர் அடி பின்னால் தாவினார். நான் சிரித்துவிட்டேன். வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை.

பிளைவுட்டில் செய்த பெட்டி. உள்பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினார். திருகாணி எல்லாம் வெளியிலிருந்துதான். முனை ஒன்றுகூட உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. உட்காருகிற கட்டையைச் சுற்றித் தேங்காய் நார் மிதியடித் துண்டை இழுத்துக் கட்டினோம். நகம் பிடிக்க வேண்டுமே. கட்டை எந்த உயரம் என்பதில்தான் தலைவலி. தாழ்ந்தால் வால் தரையில் மடங்கும், உயர்ந்தால் தலை மேலே இடிக்கும். மூன்று தடவை கழற்றி மாட்டினார். வார்னிஷ் அடிக்காமல் அவர் கையிலிருந்து ஒரு பெட்டியும் வெளியே போனதில்லை. இதற்கு வாசனை ஆகாது என்று வெள்ளைக்காரர் சொல்லியிருந்ததால், பசை வாடை போக ஒரு வாரம் வெயிலில் வைத்திருந்தார். அம்மணமாக அனுப்புகிற மாதிரி இருக்கிறது என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

சொன்னபடி எல்லாம் செய்தவர், சொல்லாத ஒன்றையும் செய்துவிட்டார். பெட்டியின் பின்பக்கம், தீப்பெட்டி அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்கு இழுத்து மூடுகிற சின்னப் பலகை. வழியில் அப்பப்போ பார்த்துக்கொள்ளலாமே என்ற நல்ல எண்ணம்தான். வெள்ளைக்காரர் பார்த்துவிட்டு, மூடியே இருக்கும் என்றால் பரவாயில்லை என்றார். பறவையின் குல்லாயைக் கழற்றி உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். நாங்கள் மூவரும் நின்றோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஓர் உயிர் உள்ளே இருக்கிறது என்பதற்கு அடையாளமே இல்லை.

"உசுரோட இருக்கான்னு பாத்துடறேன்," என்று முணுமுணுத்தபடி என் கணவர் அந்தப் பலகையை விரலால் கொஞ்சம் நகர்த்தினார்.

பெட்டி மேசை மேல் குதித்தது. அடுத்த நொடி உள்ளே தடதடவென்று அடித்துக்கொள்கிற சத்தம். வெள்ளைக்காரர் பாய்ந்து பலகையை மூடினார். சத்தம் நின்றது. அவர் பறவையைக் கையில் எடுத்துப் பார்த்தபோது வால் இறகு ஒன்று நடுவில் மடங்கியிருந்தது. என்னிடம் கொதிக்கிற வெந்நீர் வேண்டும் என்றார். நான் ஓடிப் போய்க் கொண்டு வந்தேன். மடங்கிய இறகை மட்டும் அதில் முக்கி எடுத்தார். அது மெல்ல நிமிர்ந்தது. அதை என் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். "இப்போது தெரிகிறதா?" என்று மட்டும் கேட்டார். என் கணவர் அன்றைக்கே அந்த ஓட்டைக்குப் பலகை வைத்துத் திருகி அடைத்தார்.

இது நடந்து சில நாளில் ஒரு பொது விடுமுறை. அறுபத்து நான்காம் வருடம். மறுநாள் விடிகாலை விமானத்தில் வெள்ளைக்காரர் ஊர் திரும்புவதாக ஏற்பாடு. மத்தியானம் பறவையோடு வந்தார். அது பெட்டிக்குப் பழகட்டும், நகரத்தில் சில வேலை இருக்கிறது, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். நேற்றிலிருந்து அதற்குத் தீனி கொடுக்கவில்லை, பயணத்துக்காக வயிற்றைக் காயப் போட்டிருக்கிறேன் என்றும் சொன்னார். கையுறையைப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவர் வரவில்லை. ஊரில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் என்று செய்திதான் வந்தது. சந்தில் ஓடுகிற செருப்புச் சத்தம், கடைக் கதவுகளைப் படபடவென்று இழுத்துச் சாத்துகிற சத்தம், அப்புறம் ஒலிபெருக்கி வைத்த வண்டி. ஊரடங்கு. யாரும் வெளியே வரக் கூடாது. பக்கத்தில் எங்கேயோ ஏதோ எரிகிற வாடை வந்தது. நாங்கள் ஜன்னல்களைச் சாத்தி, விளக்கைக் குறைத்து, நடுக்கூடத்தில் உட்கார்ந்தோம். தெருவில் யாரோ கத்தினால் எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. நான் பிறந்து வளர்ந்த ஊர். நேற்றுவரை எந்தச் சந்திலும் பயமில்லாமல் நடந்த ஊர். ஒரே நாளில் இப்படி ஆகுமா என்று நினைத்து நினைத்து மாய்ந்துபோனேன்.

பின்கட்டில் அந்தப் பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மறுநாள் காலையில் சாமான் வாங்கக் கொஞ்ச நேரம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். முக்குக் கடைப் போனிலிருந்து படைத்தளத்துக்குப் பேசினேன். தளத்திலிருந்து யாரையும் வெளியே விடவில்லை, விமானமும் தள்ளிப் போயிருக்கிறது, அவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது என்றார்கள். பறவை என்று நான் ஆரம்பித்ததும் லைனைத் துண்டித்துவிட்டார்கள். அவர்கள் கவலை அவர்களுக்கு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டார். "உள்ள நகர்ற மாதிரி இருக்கு," என்றார். பிறகு, "எத்தன நாளாச்சு அது சாப்பிட்டு?" என்று கேட்டார்.

"அவரு விடறதுக்கு முந்தின நாளோட சரி."

இரண்டு பேரும் அதற்கு மேல் பேசவில்லை. பேசினால் அடுத்த வார்த்தை எதுவாக இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். வீட்டில் இருந்தது அரிசி, பருப்பு, புளி. அன்று ராத்திரி நான் ரசம் வைத்தேன். அவர் தட்டில் போட்டதைப் பாதி சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். கேட்டால் பசியில்லை என்றார். பின்கட்டில் ஓர் உயிர் பட்டினி கிடக்க, நான் இங்கே அப்பளம் பொரித்துக்கொண்டிருக்கிறேனே என்று எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. அது செத்துப்போனால் நாங்கள் அடித்த பெட்டிக்குள்தான் சாகும். அந்த நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை.

அவரை அனுப்பலாம். அவருக்குத்தான் கறி வாங்கத் தெரியும், எது நல்லது என்று தெரியும். ஆனால் பன்னிரண்டு வருடமாக ஒரு வாக்கைக் கட்டிக் காத்தவரை நானே போய், கறி வாங்கி வாருங்கள் என்று எப்படிக் கேட்பது? கேட்க எனக்கு நா எழவில்லை. நானே போவதென்று முடிவு செய்தேன். வாக்குக் கொடுத்தது அவர்தானே, நான் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த காலை தளர்வு அறிவித்ததும், காய்கறி வாங்கி வருகிறேன் என்று கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தேக்கா மார்க்கெட்டில் ஊரே கூடியிருந்தது. முகங்களைப் பார்த்தால் பேயறைந்த மாதிரி இருந்தன. பேரம் பேசுகிற சத்தமே இல்லை. நான் காய்கறிப் பக்கம் முருங்கைக்கீரை ஒரு கட்டு வாங்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆட்டிறைச்சிக் கடைகள் இருக்கிற பக்கம் திரும்பினேன். வயது முப்பத்தைந்தாகியும் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. ஈரத் தரை. கொக்கியில் தலைகீழாகத் தொங்குகிற முழு ஆடுகள். ஒன்றின் கண் திறந்திருந்தது.

கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர் பேத்தி எங்கள் பள்ளியில் படித்தவள். "டீச்சரம்மா, காய்கறி அந்தப் பக்கம்ல," என்றார்.

"தெரியும். எனக்குக் கறிதான் வேணும்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி பார்த்தார். "வீட்டுல யாருக்கும் உடம்பு சரியில்லையாம்மா? சூப்பு வைக்கவா?"

"ஒரு பறவைக்கு."

"பறவைக்கா?" அவர் ஒரு முறை மார்க்கெட்டைச் சுற்றிப் பார்த்தார். இந்த இரண்டு நாளில் பலருக்குப் புத்தி பேதலித்திருக்கிறது, டீச்சருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். ஆனாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கொழுப்பில்லாத துண்டாக அறுத்து, சின்னச் சின்னதாக நறுக்கி, இலையில் மடித்து, மேலே தாளையும் சுற்றிக் கொடுத்தார். "பத்திரமாப் போங்கம்மா, நேரம் ஆகப் போவுது," என்றார். நான் அதைக் கூடையின் அடியில் வைத்து மேலே முருங்கைக்கீரையைப் பரப்பினேன். வழியெல்லாம் யாராவது கூடைக்குள் பார்த்துவிடுவார்களோ என்று கீரையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தேன். துப்பாக்கி வைத்திருந்த போலீஸ்காரரைத் தாண்டிப் போனபோது வராத பயம், எதிர்வீட்டு அம்மா, "என்ன டீச்சர் கீரையா?" என்று கேட்டபோது வந்தது.

வீட்டு வாசற்படியைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா படம் கூடத்தில்தான் மாட்டியிருந்தது.

என் நல்ல காலம், இவர் குளியலறையில் இருந்தார். தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. "இப்பதானே குளிச்சீங்க?" என்று கேட்டேன். "புழுக்கமா இருக்குலா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இதுதான் சமயம் என்று பட்டறைக்கு ஓடினேன். ஜன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினேன். கையுறையை மாட்டிக்கொண்டேன். என் கைக்கு அது தொளதொளவென்று இருந்தது. ஒரு துண்டை விரலுக்கிடையில் பிடித்து, கதவை மெல்லத் திறந்து, உள்ளே நீட்டினேன்.

என் முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கறியின் ஈரம் தோலுக்கு உள்ளே ஊறி என் விரலில் படுவது போலவே இருந்தது. பட்டினி கிடந்த பறவை பாய்ந்து பிடுங்கும், கையோடு பிய்த்துக்கொண்டு போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கால் வந்து கையுறையைப் பிடித்தது. அந்தப் பிடியை நான் மறக்கவே மாட்டேன். எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. ஆனால் அலகு நிதானமாகத்தான் வந்தது. ஒரு துண்டை எடுத்தது. யோசித்தது. விழுங்கியது. இன்னொன்றை எடுத்தது. வேண்டாவெறுப்பாகச் சாப்பிடுகிற பிள்ளை மாதிரி இருந்தது. இவ்வளவு நாள் பட்டினி கிடந்த உயிருக்குச் சாப்பாட்டில் ஏன் ஆசையில்லை? சாகப்போகிறவர்கள்தான் இப்படிச் சாப்பிடுவார்கள், எங்கள் அம்மா கடைசியில் அப்படித்தான் சாப்பிட்டார்.

கையை வெளியே எடுக்கும்போது புறங்கை அதன் நெஞ்சில் உரசியது. கழுத்துக்குக் கீழே உருண்டையாக ஒரு கட்டி. கெட்டியாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு. அன்றைக்கு வெள்ளைக்காரர் கையில் பார்த்தபோது அப்படி ஒன்று இருந்த ஞாபகமே எனக்கு இல்லை. நோய் வந்துவிட்டது. இருட்டில், காற்றில்லாமல், நாங்கள் அடித்த பெட்டிக்குள் அதற்கு நோய் வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு அப்படியே பலகைக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

யாரிடம் சொல்வது? கட்டி இருக்கிறது என்று கணவரிடம் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். கறியைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும். நானும் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளித்தேன். "உனக்கும் புழுக்கமா?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். அதோடு விட்டுவிட்டார். அன்று மத்தியானம் முழுவதும் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். நான் ஒரு பத்து தடவையாவது முருகனை வேண்டியிருப்பேன். அது பிழைத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் சந்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. படைத்தளத்து ஜீப், அனுமதிச் சீட்டோடு. வெள்ளைக்காரர் சவரம் செய்யாத முகத்தோடு குதித்து இறங்கினார். வணக்கம் சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை. நேராகப் பட்டறைக்குள் போனார். நான் பின்னாலேயே போய், வாய் குழறி, அதற்கு உடம்பு சரியில்லை, நெஞ்சில் கட்டி வந்திருக்கிறது, நாங்கள் என்ன செய்வது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அழுதேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கதவைத் திறந்து பறவையை வெளியே எடுத்தார். இறக்கையை விரித்துப் பார்த்தார். வாலைப் பார்த்தார். ஓர் இறகும் மடங்கவில்லை. பிறகு அந்தக் கட்டியை விரலால் மெல்ல அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். அப்படியே வாய் பிளந்து நின்றார்.

இது நோயில்லை என்றார். தின்ற இறைச்சி முதலில் வந்து தங்குகிற பை. பட்டினியில் இவள் செத்திருப்பாள் என்று பயந்துகொண்டே வந்தேன். இவளோ மூச்சுமுட்ட விருந்து சாப்பிட்டிருக்கிறாள், அதுவும் ஒரு வேளைச் சாப்பாடு இல்லை, இரண்டு வேளை. யார் கொடுத்தது என்று கேட்டார்.

"நான்தான்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

எனக்குப் பின்னாலிருந்து என் கணவரின் குரல் வந்தது. "மீ, சார்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வெள்ளைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவருக்கு அதில் ஒரு வேடிக்கை மட்டும்தான் தெரிந்தது. நல்ல வேளை, விமானம் நாளைக்குத்தான், அதற்குள் செரித்துவிடும் என்றார். எங்கள் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். பறவையை மறுபடி பெட்டிக்குள் விட்டு, பெட்டியைத் தானே சுமந்துகொண்டு போய் ஜீப்பில் வைத்தார். ஜீப் போய்விட்டது.

நாங்கள் பட்டறையில் நின்றோம்.

"எப்ப?" என்று கேட்டேன்.

"காலையில. நீ காய் வாங்கப் போயிருந்தப்ப."

"கறி ஏது?"

அவர் பின்சுவரைக் காட்டினார். இடுப்பளவுச் சுவர். அந்தப் பக்கம் சீனக் குடும்பம், கோழி வளர்க்கிறவர்கள். அந்த வீட்டம்மாவிடம் சுவர் ஓரமாக நின்று, தனக்குத் தெரிந்த மலாயில், ஒரு கோழி வேண்டும், எனக்கில்லை என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா அங்கேயே அறுத்து, ஒரு தொடையை மட்டும் கொடுத்திருக்கிறார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "சொல்லியிருந்தா நான் அந்த ஆட்டுக்கடைக்குப் போயிருப்பேனா? அங்க நின்னு எப்படி நடுங்கினேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"உன்னக் கையால தொட விடக் கூடாதுன்னுதான் நான் செஞ்சேன்."

"உங்கள வாக்கு மீற விடக் கூடாதுன்னுதான் நான் போனேன்."

"நான் மீறலையே. சுவத்தோரமா வாங்கி, பட்டறையில வச்சுக் குடுத்தேன். வீட்டுக்குள்ள கொண்டாரல. நீதான் வாசப்படி வழியாக் கொண்டாந்திருக்க." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அது நின்றுவிட்டது. உளியை எடுத்து மேசை மேல் நேராக வைத்தார். மறுபடி நகர்த்தி வைத்தார். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத."

"சொல்லுங்க."

"தொடையக் குடுத்துட்டு மிச்சக் கோழிய அந்தம்மா அடுப்புல போட்டாங்க. இஞ்சியும் பூண்டும் போட்டு. அந்த வாசம் வந்துச்சு. உள்ள வந்துடணும்னுதான் நெனச்சேன். கால் வரல. அங்கேயே நின்னேன், ரொம்ப நேரம். அப்புறந்தான் போய்க் குளிச்சேன்."

இதைக் கேட்டு நான் அதிர்ந்த மாதிரி, அந்த மூன்று நாளில் எதைக் கேட்டும் அதிரவில்லை. அவருக்கு அந்த ஆசை கல்யாணத்தோடு போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போய்விட்டதா என்று கேட்கத் தோன்றியதில்லை. கேட்க அதில் என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். பன்னிரண்டு வருடம், நாளுக்கு மூன்று வேளை, நான் போட்டதை அவர் சாப்பிட்டிருக்கிறார். நன்றாக இருக்கிறது என்று தினமும் சொல்லியிருக்கிறார்.

"போய்ச் சாப்பிட்டு வாங்க," என்றேன்.

"என்ன டீச்சர், விளையாடறியா?"

"விளையாடல. மிச்சம் இருக்கும். போங்க."

"உங்கப்பாகிட்ட கையடிச்சுக் குடுத்திருக்கேன்."

"அப்பா இல்ல. அவரு கேட்டது எனக்காக. நான் சொல்றேன், போங்க."

"நீ?" என்றார். எனக்கு வேண்டாம் என்றேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைக்கூடச் சீவிக்கொண்டு, பின்சுவரை ஏறித் தாண்டினார். அங்கே அந்த அம்மா ஏதோ சொல்லிச் சிரித்தார். கிண்ணம் வைக்கிற சத்தம் கேட்டது. ஊரடங்கினால் தெருவில் ஒரு வண்டியும் இல்லை, எல்லாம் துல்லியமாகக் கேட்டது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவர் எலும்பைக் கடிக்கிற சத்தமும், விரலைச் சூப்புகிற சத்தமும், இன்னும் கொஞ்சம் என்று மலாயில் கேட்கிற சத்தமும் வந்தன. என் வீட்டில் ஒரு நாளும் அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை.